என் பேருல இன்னொருத்தி

இப்ப கால் நல்லா இருக்குது. கணுக்காலுக்கு மேல ஒரு ரூபா அகலத்துக்குத் தழும்பு மட்டும் நிக்குது. அதைப் பார்க்கறவங்க எல்லாரும் இன்னா ஆச்சுன்னு கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் முதல்ல இருந்து சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு. பாதிப் பேரு பாதியிலயே எழுந்து போயிடறாங்க. அதனால உட்கார்ந்து எழுதறேன். மூணாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவ நான். எழுத்துக் கூட்டி எழுதணும், ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது ஆகுது. ஆகட்டும்.

என் பேரு முனியம்மா. திருவண்ணாமலையில செங்கம் ரோட்டுப் பக்கம் ரூம் வாடகைக்கு விடறவங்க ஜாஸ்தி. அங்க வந்து தங்கறவங்க படுக்கற விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் துவைச்சு மடிச்சுக் குடுக்கறது எங்க வேலை. வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் ரெண்டு பேரும் கல்லுல அடிச்சோம். இப்ப மெஷின் இருக்குது. என் பையன் செல்வம் ஆட்டோவுல துணி ஏத்திட்டு வருவான். மருமக கலா மெஷினைப் பார்த்துக்குவா. கறை எடுக்கறது மட்டும் நான். எந்தக் கறைக்கு எதைப் போடணும்னு எனக்குத் தெரியும். என் கையில வந்த துணி கறையோட திரும்பிப் போச்சுன்னு யாரும் சொன்னதில்ல.

எந்நேரமும் ஈரத்துலயே நிக்கற கால் இது. விரல் இடுக்குல சேத்துப்புண் வரும், மஞ்சள் வெச்சா போகும், திரும்ப வரும். அதையெல்லாம் நோவுன்னு நான் கணக்குல வெச்சதே கிடையாது. ஒரு நாள் காலையில குளிர் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. மதியம் பார்த்தா இடது கால் கணுக்கால்ல இருந்து மேல ஏறிச் செவந்து, தோல் பளபளன்னு, தொட்டா அடுப்புச் சுவரு மாதிரி சுட்டுது.

பக்கத்து வீட்டுல பார்த்துட்டு "இது அக்கி"ன்னு சொன்னாங்க. அக்கின்னா எங்க பக்கம் ஊசி போடமாட்டாங்க, மண்பானை செய்யறவரு காவியைக் குழைச்சு மேல எழுதுவாரு. நானும் போனேன். அவரு கோழி இறகால காலு முழுக்க எழுதி, "மூணு நாள் தண்ணி படக்கூடாது"ன்னு சொல்லி அனுப்புனாரு. மூணாம் நாள் காய்ச்சல் இன்னும் ஏறிடுச்சு. எங்க டாக்டர்கிட்டப் போகலாம்னா அவருக்குக் கண்ணுல ஆபரேஷன், ஒரு வாரம் கிளினிக் கிடையாதுன்னு கதவுல ஒட்டியிருந்தது. முப்பது வருஷமா அவர் ஒருத்தர்கிட்டதான் நான் போவேன். செல்வம், "இனிமே உன் பேச்சைக் கேக்கமாட்டேன்"னு சொல்லித் தூக்கி ஆட்டோவுல உட்கார வெச்சான். துணி மூட்டைக்கு நடுவுல உட்கார்ந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்க கண்ணாடி போட்ட ஒரு டாக்டர் பொண்ணு வந்து காலைப் பார்த்தா.

"இது என்னம்மா, பெயிண்டா?"

"அக்கி எழுதினது."

"செவப்பு மேல செவப்பு பூசிட்டு வந்தா, நான் எதைப் பார்க்கறது?"

சிஸ்டர் பஞ்சை நனைச்சு எல்லாத்தையும் துடைச்சாங்க. அதுக்கப்புறம் டாக்டர் ஒரு பேனாவை எடுத்து, செவப்பு எதுவரைக்கும் இருக்குதோ அந்த ஓரத்துலயே ஒரு கோடு போட்டுட்டு வந்தா. முழங்காலுக்கு நாலு விரல் கீழ அந்தக் கோடு நின்னுச்சு. நாளைக்குச் செவப்பு கோட்டைத் தாண்டினா நோய் பரவுதுன்னு அர்த்தம், உள்ள வந்தா அடங்குதுன்னு அர்த்தமாம். குயவர் எழுதினதை அழிச்சுட்டு இவங்களும் எழுதத்தான் செஞ்சாங்க.

நோய்க்குப் பேரு செல்லுலைட்டிஸ்னு சொன்னாங்க. தோலுக்கு அடியில இருக்கற சதையில கிருமி பரவறது. சேத்துப்புண்ணு வெடிச்ச இடம்தான் வாசல், அது வழியா உள்ள போயிருக்குது. எனக்குச் சக்கரை வேற இருக்கறதால கிருமிக்குக் கொண்டாட்டம். ஒரு இடத்துல சீழ் கட்டியிருக்குது, கீறி எடுக்கணும். சீக்கிரம் ஊசி ஏத்தலன்னா காலுக்கே ஆபத்துன்னு செல்வத்தைத் தனியா கூட்டிட்டுப் போய்ச் சொல்லியிருக்காங்க. அவன் திரும்பி வந்த மூஞ்சியைப் பார்த்தே நான் தெரிஞ்சுக்கிட்டேன். காலு இல்லாம எப்படி நிக்கறதுன்னு அப்பதான் முதல் தடவை பயம் வந்தது. வெளியே காட்டிக்கல.

படுக்கை குடுக்கறதுக்கு முன்னாடி கவுன்ட்டர்ல ஒரு பொண்ணு என் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்துட்டுச் சொல்லிச்சு:

"ஆயா, உங்க டாக்டர் உங்களைப் பத்தி எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிருக்காரு. நீங்க சம்மதிச்சா அது அப்படியே இங்க வரும். எங்க டாக்டர் பார்த்துக்குவாங்க. உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லுங்க."

"என்னை ஆயான்னு கூப்பிடாத, முனியம்மான்னு கூப்பிடு"ன்னு முதல்ல சொன்னேன். அப்புறம் சந்தோஷமா நம்பரைச் சொன்னேன். எனக்கு எண்ணு நல்லா வரும், விரிப்பு எண்ணி எண்ணிப் பழக்கம். எங்க டாக்டரே கண்ணுக் கட்டோட எழுந்து வந்து பக்கத்துல நிக்கற மாதிரி இருந்தது எனக்கு. நாம ஒண்ணும் சொல்லவேண்டியதில்ல, அவர் எழுதி வெச்சதே எல்லாம் சொல்லிடும்னு கண்ணை மூடிப் படுத்தேன். அதுதான் நான் பண்ண தப்பு.

ரத்தம் எடுத்தாங்க, நாலு குப்பி. காலுல ஜெல்லு தடவி ஸ்கேன் பண்ணாங்க, ரத்தக் குழாய்ல கட்டி அடைச்சிருக்குதான்னு பார்க்க. அடைக்கல. காத்திருக்கற இடத்துல சக்கர நாற்காலியில உட்கார்ந்து ரெண்டு மணி நேரம் சுவத்தைப் பார்த்தேன். பக்கத்துல கலா உட்கார்ந்து என் தலையை வாரிப் பின்னிவிட்டா. "இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்படியா வர்றது, அத்தை"ன்னு சொல்லிக்கிட்டே பின்னினா.

சாயந்தரம் டாக்டர் பொண்ணு காகிதத்தோட வந்து நின்னா. மூஞ்சி சரியில்ல.

"ஏம்மா, மாத்திரை ஒழுங்கா சாப்பிடறதில்லையா?"

"வேளை தவறாம சாப்பிடறேன்."

"பொய் சொல்லாதீங்கம்மா. ரத்தத்துலயே தெரியுது, நீங்க சாப்பிடறதே இல்லன்னு. இது எவ்வளவு முக்கியமான மாத்திரை தெரியுமா? விட்டா உயிருக்கே ஆபத்து."

நான் சக்கரை மாத்திரையைச் சொல்றான்னு நினைச்சேன். எட்டு வருஷத்துல ஒரு வேளை விட்டதில்ல நான். எனக்கு வந்த கோவத்துக்கு நாக்கு பிசகிடுச்சு. செல்வம் உடனே டாக்டர் பக்கம் சேர்ந்துக்கிட்டான்.

"நல்லா கேளுங்க மேடம். போன வாரம் கல்யாண வீட்டுல ரெண்டு ஜாங்கிரி."

"ஒண்ணுடா! ஒண்ணு உன் பொண்டாட்டி சாப்பிட்டா!"

கலா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. டாக்டருக்கு ஜாங்கிரி எதுக்கு வந்ததுன்னு புரியல. எனக்கு டாக்டர் எந்த மாத்திரையைச் சொல்றான்னு புரியல. அப்படியே ஆளுக்கு ஒரு பக்கம் பேசி முடிச்சோம். அவ போகும்போது, "சரி, ஒரு வகையில நல்லதுதான், கீறும்போது ரத்தம் ஜாஸ்தி வராது"ன்னு சொல்லிட்டுப் போனா. ஜாங்கிரிக்கும் ரத்தத்துக்கும் இன்னா சம்பந்தம்னு நான் படுத்துக்கிட்டே யோசிச்சேன்.

கொஞ்ச நேரத்துல சிஸ்டர் தட்டோட வந்தாங்க. தட்டுல ஊசி. காலைப் பார்த்துட்டு "கோட்டைத் தாண்டிடுச்சே"ன்னு சொன்னாங்க. நானும் எட்டிப் பார்த்தேன். செவப்பு பேனாக் கோட்டை ஒரு விரல் தாண்டியிருந்தது.

எந்த ஊசின்னாலும் கேட்டுட்டுதான் கை நீட்டறது என் வழக்கம். அதுக்குக் காரணம் இருக்குது. செல்வம் கைப்பிள்ளையா இருந்தப்ப தொண்டையில புண்ணு வந்து எங்க டாக்டர் ஒரு ஊசி போட்டாரு. அப்ப அவருக்கும் சின்ன வயசு. ஊசி போட்டுட்டு நான் செருப்பை மாட்டறதுக்குள்ள உடம்பெல்லாம் அரிச்சு, உதடு தடிச்சு, மூச்சு அடைச்சுக் கீழ விழுந்துட்டேன். அவர் ஓடி வந்து வேற ஊசி போட்டுப் பொழைக்க வெச்சாரு. அன்னிக்கே ஒரு சீட்டுல செவப்பு மையில எழுதிக் குடுத்து, "எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதைக் காட்டு"ன்னு சொன்னாரு. பர்ஸுலயே வெச்சிருந்தேன். போன வருஷம் அவர் கிளினிக்குல கம்ப்யூட்டர் வந்தப்ப, இனிமே சீட்டே வேணாம், எல்லாம் இதுல இருக்குதுன்னாங்க. நானும் அசட்டையா விட்டுட்டேன். பர்ஸு ஒரு நாள் துணியோட மெஷின்ல போயிடுச்சு.

"இது இன்னா ஊசி, சிஸ்டர்?"

"கிருமியைக் கொல்ற ஊசி. முதல்ல தோலுக்கு அடியில துளி போட்டுப் பார்ப்போம்."

"எனக்கு ஒரு ஊசி ஆகாது. துளி போட்டாலும் ஆகாது. பேரு பென்சில் மாதிரி வரும்."

சிஸ்டர் நின்னுட்டாங்க. நல்லவங்க. உடனே போய் டாக்டரைக் கூட்டிட்டு வந்தாங்க. அவ களைச்சுப்போயிருந்தா. அந்த வார்டுல எத்தனை பேரை அவ ஒருத்தி பார்க்கணுமோ.

"அம்மா, உங்களுக்கு ஆகாதது வேற ஏதாவது இருக்கும். பென்சிலின் ஊசியை நீங்க மூணு வாரத்துக்கு ஒரு தடவை வருஷக்கணக்கா போட்டுட்டு வர்றீங்க. உங்க டாக்டரே எழுதியிருக்காரு. ஒண்ணும் ஆகல. இந்தக் காலுக்கு இந்த ஊசிதான் சரி. நேரமாக ஆகக் கால் கெட்டுப்போகும்."

"நான் அந்த ஊசி போட்டதே இல்ல. ஒரே ஒரு தடவைதான் போட்டேன், செத்துப் பொழைச்சேன்."

"கம்ப்யூட்டர்ல இருக்குதும்மா."

செல்வம் என் கையைப் பிடிச்சுக்கிட்டான். "அம்மா, உனக்கு வயசாயிடுச்சு, மறந்திருப்ப. நம்ம டாக்டர் எழுதினதுதானே? அவர் பொய் எழுதுவாரா? கால் போயிடும்மா. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்." அவன் கண்ணு கலங்கியிருந்தது. கலா கட்டில் கம்பியைப் பிடிச்சுட்டு நின்னா.

ஒரு பக்கம் என் கால். ஒரு பக்கம் என் மூச்சு. நடுவுல எங்க டாக்டர் பேரைச் சொல்லிட்டு நிக்குது ஒரு பொட்டி. எனக்கே ஒரு நொடி சந்தேகம் வந்துடுச்சுன்னு ஒத்துக்கறேன். காய்ச்சல்ல தலை சுத்துது, நெஜமாவே மறந்துட்டோமோன்னு. ஆனா கீழ விழுந்தப்ப கன்னத்துல பட்ட சிமென்ட் தரையோட சில்லிப்பு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்குது. அது மறக்கற ஞாபகம் இல்ல. கையைப் புடவைக்குள்ள இழுத்து மூடிக்கிட்டேன்.

"என்னைப் பத்தித்தானே எழுதியிருக்குது? அப்ப எனக்குப் படிச்சுக் காட்டு. தமிழ்ல. முதல் எழுத்துல இருந்து. நான் கேட்டுட்டு, ஆமான்னா போடு."

"அதுக்கெல்லாம் நேரம் இல்லம்மா."

"எனக்கும் நேரம் இல்ல. படி."

அவ செல்வத்தைப் பார்த்தா, சிஸ்டரைப் பார்த்தா. அப்புறம் கையில இருந்த பலகை மாதிரி கம்ப்யூட்டரைத் திறந்து படிக்க ஆரம்பிச்சா.

"பேரு முனியம்மாள். கணவர் பேரு கோவிந்தன். பிறந்த தேதி ஒண்ணு, ஒண்ணு, ஐம்பத்தஞ்சு."

"சரி."

"சக்கரை இருக்கு."

"சரி."

"சின்ன வயசுல மூட்டுவலிக் காய்ச்சல் வந்து, இதய வால்வு சுருங்கியிருக்கு. அதுக்குத்தான் பென்சிலின். ரத்தம் உறையாம இருக்கத் தினமும் மாத்திரை."

"எனக்கு இதயத்துல ஒண்ணும் இல்ல. மாடிக்கு ஈர மூட்டையைத் தூக்கிட்டு ஏறறவ நான்."

"ரெண்டு குழந்தை. ரெண்டாவது குழந்தை ஆபரேஷன், வயித்தைக் கீறி எடுத்தது."

நான் எழுந்து உட்கார்ந்துட்டேன்.

"எனக்கு மூணு. மூணும் வீட்டுலயே பொறந்தது. என் வயித்துல கத்தி பட்டதே கிடையாது. தடுப்பை இழுங்க, சிஸ்டர். செல்வம், நீ வெளியே போ."

சிஸ்டர் தடுப்புத் துணியை இழுத்தாங்க. நான் புடவையை விலக்கிக் காட்டினேன். சிஸ்டர் குனிஞ்சு பார்த்தாங்க. கையால தடவியும் பார்த்தாங்க. நிமிர்ந்து, "டாக்டர், தழும்பு இல்ல"ன்னு சொன்னாங்க.

டாக்டர் பொண்ணு கம்ப்யூட்டரை மேலயும் கீழயும் தள்ளித் தள்ளிப் பார்த்தா. "உங்க ஊரு கீழ்பென்னாத்தூர் பக்கமா?"

"செங்கம் ரோடு."

"இதுல முகவரி வேறயா இருந்தது. வீடு மாறியிருப்பீங்கன்னு நினைச்சுட்டேன்"னு மெதுவா சொன்னா. தட்டுல இருந்த ஊசியை அவளே எடுத்துக் குப்பையில போட்டா. "மன்னிச்சிடுங்கம்மா"ன்னு சொன்னா. படிச்ச பொண்ணு, நாலு பேரு முன்னாடி அப்படிச் சொல்றதுக்கு மனசு வேணும். "பரவால்ல, வேற ஊசி இருந்தா போடு, கால் எரியுது"ன்னு சொன்னேன்.

வேற வகை மருந்தை சலைன்ல கலந்து ஏத்தினாங்க. அதுக்குள்ள செல்வம் எங்க டாக்டர் வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சான். அவர் குரல் வார்டு முழுக்கக் கேட்டுச்சு.

"பென்சிலினா? முனியம்மாவுக்கா? போட்டுட்டீங்களா?"

"இல்ல சார், அவங்க போடவிடல."

அப்புறம், "போடவிடமாட்டாங்க"ன்னு சொன்னாரு.

கண்ணுல கறுப்புக் கண்ணாடியோட கிளினிக்கைத் திறந்து, அலமாரியில இருந்த என் பழைய காகிதக் கட்டை எடுத்து, ஒவ்வொரு பக்கமா போட்டோ புடிச்சு அனுப்பினாராம். அவர் சம்சாரம்தான் போட்டோ புடிச்சாங்கன்னு அப்புறம் தெரிஞ்சுது. அது வந்ததும் டாக்டர் பொண்ணு மூஞ்சி தெளிஞ்சுது. செவப்பு மையில எழுதினது முதல் பக்கத்துலயே இருந்தது. அது மட்டும் இல்ல, என் கிட்னி கொஞ்சம் சோர்வா வேலை செய்யுதுன்னு ரெண்டு வருஷத்துக் கணக்கு அதுல இருந்துச்சாம். அதைப் பார்த்து, ஏத்திட்டிருந்த மருந்தோட அளவைக் குறைச்சாங்க. குறைக்கலன்னா கிட்னி கெட்டிருக்கும்னு சொன்னா. பொய்யான எழுத்து என்னைக் கொல்லப் பார்த்துச்சு, நெஜமான எழுத்து என் கிட்னியைக் காப்பாத்துச்சு. ரெண்டும் ஒரே நாள்ல.

அடுத்த நாள் கீறி சீழ் எடுத்தாங்க. அப்புறம் ஏழு நாள் இருந்தேன். வலி இருந்தது, தூக்கம் இல்ல, ஆனா செவப்பு தினம் ஒரு விரல் கீழ இறங்குச்சு. டாக்டர் பொண்ணு வந்ததும் முதல்ல கோட்டைப் பார்ப்பா, நானும் பார்ப்பேன். கலா தினமும் கஞ்சி கொண்டு வருவா. ஏத்தற ஒவ்வொரு மருந்தோட பேரையும் சிஸ்டரைக் கேட்டு நாள்காட்டித் தாள் பின்னாடி எழுதி வெச்சா. செல்வம் என்கிட்ட மன்னிப்பெல்லாம் கேக்கல, அது அவனுக்கு வராது. ஆனா ஆஸ்பத்திரித் தலையணையில மருந்துக் கறை இருக்குது, அதுல தலை வெக்க எனக்கு அருவருப்பா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன். மறுநாள் காலையில நம்ம வீட்டு வெள்ளை உறை ரெண்டு, இஸ்திரி போட்டு மடிச்சு எடுத்துட்டு வந்தான். மடிப்பு கோணலா இருந்துச்சு. அவனே போட்டிருக்கான்.

வீட்டுக்கு அனுப்பற அன்னிக்கு டாக்டர் பொண்ணு கேட்டா: "அந்தத் தப்பான இணைப்பை எடுத்துட்டோம். உங்க டாக்டர் சரியா ஏத்தினதும் திரும்ப இணைக்கலாமா, வேணாமா? உங்க இஷ்டம்தாம்மா."

"வேணவே வேணாம் மேடம், பட்டது போதும்"னான் செல்வம்.

"உன்னையா கேட்டாங்க?"ன்னு அவனை அடக்கினேன். டாக்டர்கிட்ட, "எழுதினது சரியான்னு நான் பார்த்துட்டுச் சொல்றேன்"னு சொன்னேன்.

பதினைஞ்சு நாள் கழிச்சு, தடி ஊனிக்கிட்டு எங்க டாக்டர் கிளினிக்குக்குப் போனேன். எப்படி நடந்துச்சுன்னு அவர் விளக்கினாரு. எங்க வயசுக்காரங்களுக்குப் பொறந்த தேதி யாருக்குத் தெரியும்? அட்டை எடுக்கற முகாம்ல வயசைக் கேட்டு, கழிச்சுப் பார்த்து, எல்லாருக்கும் ஜனவரி ஒண்ணாந்தேதின்னு போட்டுட்டாங்க. எங்க தெருவுல பாதிக் கிழடுங்க அன்னிக்குப் பொறந்ததுங்கதான். முனியம்மா இந்த ஜில்லாவுல எத்தனை, கோவிந்தன் எத்தனை. கீழ்பென்னாத்தூர் பக்கத்து முனியம்மா விவரத்தை முதல்ல ஏத்தியிருக்காங்க. அப்புறம் நான் போனப்ப, கிளினிக்குல கம்ப்யூட்டர் பார்த்துக்கற ரேவதி பேரு, புருஷன் பேரு, தேதி மூணும் பார்த்துட்டு, ஏற்கெனவே ஏத்தியாச்சுன்னு என் போன் நம்பரை அதுல சேர்த்துட்டா. என் கட்டு அலமாரியிலயே தங்கிடுச்சு.

ரேவதி அழற மாதிரி நின்னா. "உங்களைக் கேட்டேனே ஆயா. இது நீங்கதானேன்னு திருப்பிக் காட்டினேனே. நானேதான், இன்னா சந்தேகம்னு சொன்னீங்களே."

சொன்னேன். நெஜம்தான். அந்த இங்கிலீஷ் எழுத்து எனக்குப் படிக்க வரலன்னு சொல்லக் கூச்சப்பட்டுட்டு, தலையை நிமிர்த்திச் சொன்னேன். செத்திருந்தா அந்தத் திமிருதான் என்னைக் கொன்னிருக்கும், ரேவதி இல்ல. அவகிட்டயே அதைச் சொன்னேன். அப்புறம் நாற்காலியை இழுத்து அவ பக்கத்துல போட்டேன்.

"என் கட்டை எடு. ஒவ்வொரு வரியா படி, நான் சரின்னு சொன்னதும் ஏத்து."

"முப்பது வருஷம் இருக்குதே ஆயா! வரிக்கு வரியா? எதுக்கு?"

"நாளைக்கு நான் பேச முடியாமப் படுத்துக் கிடந்தா, அதுதானே என் வாய்? என் வாயில நீ இன்னா வெக்கறன்னு நான் பார்க்க வேணாமா?"

ரெண்டு காலை ஆச்சு. ரெண்டாம் நாள் பாதியில ஒயர் கூடையோட ஒரு பொம்பளை வந்தா. ஒல்லியா, என்னைவிட உயரம். வந்ததும் மூச்சு வாங்க உட்கார்ந்தா. ரேவதி அவளைப் பார்த்துட்டு என்னைப் பார்த்தா. நான் புரிஞ்சுக்கிட்டேன். இவளோட இதயம் எப்படி, வயித்துல எங்க தழும்பு, எத்தனை பிள்ளைன்னு எல்லாம் எனக்குத் தெரியும். முகம் மட்டும் அன்னிக்குத்தான் பார்க்கறேன். ஒரு மாதிரி வெக்கமா இருந்துச்சு.

"உம் பேரு முனியம்மாவா?"

"ஆமா யக்கா. உங்க பேரு?"

"நானும் அதுதான். புருஷன் கோவிந்தன்."

"ஐய! எங்க ஊட்டுக்காரர் பேரு அதான்! ரெண்டு ஊடு வெச்சிருந்தாரா மனுஷன்?"

ரேவதி வாயைப் பொத்திக்கிட்டா. நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவ வாயைப் பிளந்து கேட்டுட்டிருந்தா. மாத்திரை சாப்பிடலன்னு என்னைத் திட்டினாங்கன்னு சொன்னதும் அவ சிரிப்பு நின்னுடுச்சு. கூடையில இருந்த வேர்க்கடலையைக் கிளற ஆரம்பிச்சா.

"அடுத்தது உங்களோடது படிக்கறேன்"னு ரேவதி அவகிட்ட சொன்னா. அடுத்தவ விஷயம் நமக்கு எதுக்குன்னு நான் தடியை எடுத்து எழுந்தேன். அவ என் முந்தானையைப் பிடிச்சு இழுத்து உட்கார வெச்சா.

"நீ இரு. எல்லாம் தெரிஞ்சவதானே நீ."

ரேவதி படிச்சா. மூட்டுவலிக் காய்ச்சல், சரி. வால்வு, சரி. மூணு வாரத்துக்கு ஒரு ஊசி, சரி. ரெண்டாவது பிள்ளை ஆபரேஷன், சரி.

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, தினமும் சாயந்தரம் ஒண்ணு."

அவ கூடைக்குள்ள குனிஞ்சா. ரேவதி திரும்பக் கேட்டா, "சரிதானே?"

"சரி..."ன்னு இழுத்தா. என் முந்தானை இன்னும் அவ கையிலதான் இருந்துச்சு. நான் அவளைப் பார்த்தேன். அவ என் காலைப் பார்த்தா, கட்டு போட்டிருந்த இடத்தை.

"இல்ல. அது பொய்யி. நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு. பல்லு விளக்கறப்ப ரத்தம் வந்துச்சு. எலிக்கு வெக்கற மருந்துதான் அதுன்னு ஊர்ல ஒருத்தன் சொன்னான். டாக்டரு கேட்டா சாப்பிடறேன்னு சொல்லிடுவேன். எழுதாதம்மா. இல்ல, எழுது. நிறுத்திட்டேன்னு எழுது."

"நீ சாப்பிடலன்னு திட்டினாங்களே, அது உனக்கு வந்த திட்டுதான்"னு நான் சொன்னேன்.

"எனக்குத்தான் யக்கா"ன்னா.

ரேவதி எழுந்து உள்ள ஓடினா. உள்ள வேற யாரையோ பார்த்துட்டிருந்தாரு எங்க டாக்டர். நான் கீழ விழுந்த அன்னிக்கு அப்புறம், முப்பது வருஷத்துல அவர் நோயாளியைத் தேடி நாற்காலியை விட்டு எழுந்து வெளியே வந்து நான் பார்த்ததில்ல. அன்னிக்கு வந்தாரு. கண்ணுல அந்தக் கறுப்புக் கண்ணாடியோட, ஸ்டெதஸ்கோப்பு கழுத்துல தொங்க, எங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி வந்து நின்னு, "இதுல எந்த முனியம்மா?"ன்னு கேட்டாரு.

அவ கையைத் தூக்கினா.